நான்கு விரற்கடை

பகலில் நான் வாசிப்பது மீட்டர்.
சிங்கராஜாவுக்கு மேற்கே பதினொரு தெருக்கள்;
அங்குள்ள நாய்களுக்கெல்லாம் என் பைக்கின் சத்தம் தெரியும்.
சுவரோரம் குனிந்து, கண்ணாடியைத் துடைத்து
ஐந்து இலக்கம் குறித்துக்கொண்டு போவேன்.
அந்த எண்களை யாரும் நம்ப வேண்டியதில்லை.
பணம் கட்டினால் போதும்.

சனிக்கிழமை இரவுகளில் வாசிப்பது வேறு.
கோயில் மண்டபத்தில் பாய், கொசுவர்த்தி,
கரகரக்கும் ஒரே மைக்.
ஆர்தானா பனையோலையிலிருந்து ஒரு வரி பாடுவார்,
பழைய காவி மொழியில், பாதிப்பேருக்குப் புரியாமல்.
பாடி நிறுத்துவார்.
நான் அதை வீட்டுப் பேச்சில் சொல்ல வேண்டும்.
பதினாறு வருடமாக இப்படித்தான்:
அவர் குரல் முன்னால் வீசிக்கொண்டு நடக்கும்,
என் குரல் கூடை சுமந்து பின்னால் வரும்.

இதெல்லாம் நடந்திருக்குமா?
கேள்வி எனக்குப் பல் தேய்க்கும்போது வரும்.
வானத்தை மூடிய அம்புகள் சரி.
பதினெட்டு நாள், அத்தனை லட்சம் பேர்,
யார் சமைத்தார்கள்?
எச்சில் பாத்திரத்தை எந்த ஆற்றில் கழுவினார்கள்?
விடிந்ததும் வாசலில் பூவும் சோறும் வைக்கிறேன்.
வைக்கிற கை நம்புகிறது.
மற்ற உறுப்புகளுக்கு நான் ஜாமீன் நிற்க மாட்டேன்.

போன வாரம் அந்த இடம் வந்தது.
பொய்யறியாத மூத்தவன்,
அதனாலேயே மண்ணில் படாமல் ஓடும் அவன் தேர்,
நான்கு விரற்கடை உயரத்தில்.
கிழ ஆசானுக்குக் கேட்கும்படி
மகன் பெயரைச் சொல்லி, செத்தான் என்கிறான்.
பிறகு சங்கொலிக்கு அடியில், வாய்க்குள்ளேயே
இன்னும் ஒரு சொல்.

சரியாக அந்தச் சொல் இருந்த இடத்தில்
ஏட்டைப் பூச்சி அரித்திருந்தது.
மிளகளவு துளை.
ஆர்தானா அதன்மேல் ராகத்தை இழுத்துவிட்டு
என்னைப் பார்த்தார்.

மூன்றாம் வரிசையில் ரஸ்மினி
தென்னங்குருத்தில் காணிக்கைத் தட்டு பின்னிக்கொண்டிருந்தாள்.

கப்பலில் வேலைக்குப் போன அவள் புருஷன்
பெட்டியில் திரும்பி வந்த வருடம்,
மழைக்காலம் முழுக்க அவள் வீட்டு மீட்டரில்
ஒன்பதை நான்கென்று எழுதினேன்.
இரவெல்லாம் தையல் மெஷின் ஓடும் வீடு.
கம்பெனிக்கு என்ன, கடல்;
ஒரு சொம்பு மொண்டால் வற்றிவிடுமா?
பிறகு என்னை வேறு தெருக்களுக்கு மாற்றினார்கள்.
அடுத்து வந்தவன் நல்ல பையன். இருந்ததை எழுதினான்.
நான் மறைத்ததெல்லாம் ஒரே ரசீதில் வந்து இறங்கியது.
மெஷினை விற்றாள்.
என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அந்த கலுங்கான் பண்டிகைக்கும்
வழக்கம்போல ஒரு கிண்ணம் லாவார் அனுப்பியிருந்தாள்.
உறைப்பு அதிகம். கண்ணில் நீர் வர முழுதும் தின்றேன்.

மண்டபம் காத்திருந்தது. மைக் இரைந்தது.

“யானை” என்றேன்.
தேவைக்கு மேல் சத்தமாகப் போய்விட்டது.
பின்னால் ஒரு குழந்தை சிரித்தது.
“செத்தது யானை. அதையும் சொன்னான்,
கேட்காதபடி சொன்னான்.
தேர் இறங்கியது.
குதிரைகளுக்கு அன்றுதான் பாரம் தெரிந்தது.”

கடைசி வரி எந்த ஓலையிலும் இல்லை.
ஆர்தானா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
திருத்துவார் என்று இருந்தேன்.
எச்சில் விழுங்கிவிட்டு அடுத்ததைப் பாடினார்.
ரஸ்மினி ஒரு ஈர்க்கைப் பல்லில் கடித்து ஒடித்தாள்.
கேட்டாளோ என்னவோ.

அம்புகளைப் பற்றி இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
சக்கரம் மண்ணில் பட்ட சத்தத்தை மட்டும்
எங்கே கூப்பிட்டாலும் வந்து சாட்சி சொல்வேன்.

அவள் வீடு இப்போது என் தெருக்களில் இல்லை.
இருந்தும் அன்றிரவு
பைக்கை அணைத்து, தள்ளிக்கொண்டு அந்த வழியே போனேன்.
ஜன்னலில் ஒரு விளக்கு.
சத்தமே இல்லை.